தானாக மாறும் கியரும், ஓட்டியவர் மேல் விழுந்த பழியும்

போன மாதம் ஒரு சாயங்காலம். கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் வழி விடும் நேரம். காந்தி சிலையைத் தாண்டி நானும் என் பழைய அலுவலக நண்பரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இடது முட்டியில் வலி. காரில் கிளட்சை மிதிக்க முடியவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் மகன், "கியர் இல்லாத கார் ஒண்ணு வாங்கித் தரேம்ப்பா" என்று சொல்லியிருக்கிறான்.

"வாங்கலாமா? நீதான் எதையாவது படிச்சிக்கிட்டே இருப்பியே" என்றார்.

"கியர் இல்லாத கார்னு ஒண்ணும் கிடையாதுண்ணே. கியர் உள்ளதான் இருக்கும். மாத்துறது நாம இல்ல, அவ்வளவுதான். அதுல ஒரு வகையை முதல்ல யோசிச்சவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ரஷ்யாவுல ஜார் மன்னர்கிட்ட வேலையில இருந்தவர்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் கேட்டது கார். நீ ஜார் மன்னர்கிட்ட போறே. எழுதிப் போடு, படிச்சிக்கிறேன்."

அவருக்காக எழுதியது இது. ஆனால் எழுத உட்கார்ந்ததும் என் பழைய அலுவலக நினைவு ஒன்றும் கூடவே வந்துவிட்டது. அதையும் நடுவில் சொல்லியிருக்கிறேன்.

முதலில் கிளட்ச். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் இதற்கு ஆம்பிரேயாழ் என்று படித்தோம். கிளட்ச் என்ற சொல்லைப் பிறகு டவுன் பஸ் டிரைவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் நின்றும் போகும், ஓடவும் செய்யும். இரண்டுக்கும் நடுவில் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு தட்டு வேண்டும், அதுதான் கிளட்ச். மெல்லச் சேர்த்தால் வண்டி மெல்லக் கிளம்பும். பட்டென்று விட்டால் குதித்து நின்றுவிடும். நேரு வீதி நெரிசலில் பாதிக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு தீய்ந்த வாடை வரும். வண்டி வைத்திருந்த எவருக்கும் அந்த வாடை மறக்காது. அந்த வாடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனி ஜார் மன்னர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பூகோளத்துக்காக ஒரு புத்தகம் கொடுத்தார்கள். 1931, 32ஆம் ஆண்டுகளில் சித்ரோயன் கம்பெனி நடத்திய 'மஞ்சள் பயணம்' பற்றியது. பெய்ரூட்டிலிருந்து பீகிங் வரை, முன்னால் சக்கரமும் பின்னால் பட்டையும் கொண்ட வண்டிகளில் போனார்கள். இமயமலையில் வழி இல்லாத இடத்தில் வண்டியைப் பிரித்து ஆட்கள் தலையில் சுமந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பப் பூட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் புத்தகத்தின் தையலே விட்டுப்போயிற்று. அந்தப் பட்டை வண்டியை உருவாக்கியவர் பெயர் அடோல்ஃப் கெக்ரெஸ். 1879இல் பிறந்தவர். ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போய், ஜார் இரண்டாம் நிக்கோலாஸின் கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பனியில் கார் புதையாமல் ஓடத்தான் அந்தப் பட்டையைக் கண்டுபிடித்தார். 1917 புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்குத் திரும்பினார். ஆந்த்ரே சித்ரோயன் அவரைப் பிடித்துக்கொண்டார். 1922 கடைசியில் அவருடைய வண்டிகள்தான் சகாராவைக் கடந்தன.

பட்டை வண்டியோடு அவர் நிற்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1930களின் கடைசியில் அவர் ஒரு கியர்பெட்டியை யோசித்தார். ஒரே பெட்டியில் இரண்டு கிளட்ச். 1, 3, 5 என்ற ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சுக்கு, 2, 4, 6 மற்றொன்றுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இரண்டாவது கியரில் போகும்போதே மூன்றாவது தயாராகப் பூட்டப்பட்டுக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். நடுவில் இழுவை அறுபடாது. எங்கள் காலத்தில் கருவூலக் கவுண்டரில் இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் பணம் எண்ணிக் கொடுக்கும்போதே மற்றவர் அடுத்த பில்லைப் பிரித்துச் சரிபார்த்து வைத்திருப்பார். வரிசை நிற்காமல் நகரும். அதே வேலைதான்.

சித்ரோயனின் திராக்சியோன் அவான் காரில் இதைப் பொருத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். யுத்தம் வந்தது. பணமும் இல்லை. 1943இல் அவர் இறந்தார். அவர் யோசனை காகிதத்தில் தங்கிவிட்டது.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் ஹைட்ராமாட்டிக் என்ற தானியங்கி கியரை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் கொண்டுவந்தது. தட்டுக்குத் தட்டு உரசும் கிளட்சுக்குப் பதில், எண்ணெய்க்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு எதிரில் ஓடாத ஃபேன் ஒன்றை வைத்தால், காற்றிலேயே அதுவும் சுற்றும் இல்லையா, அதுபோல எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைத் தள்ளும், சக்கரத்துப் பக்கத்து விசிறி சுற்றும். உரசித் தேய ஒன்றும் இல்லை. நெரிசலில் ஊர்ந்தாலும் தீய்ந்த வாடை கிடையாது. இதிலிருந்து வளர்ந்ததைத்தான் டார்க் கன்வர்ட்டர் என்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஆட்டோமேட்டிக் என்றாலே இதுதான். மூன்றாவது பெடலைக் காலால் தொடாமலேயே ஆயுளை முடித்தவர்கள் அங்கே கோடிக்கணக்கில் இருப்பார்கள்.

குறை என்னவென்றால், எண்ணெய்க்குள் வழுக்குவதில் பெட்ரோல் கொஞ்சம் வீணாகும். பெட்ரோல் மலிவாகக் கிடைத்தவரை அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2008 கோடையில் அங்கே ஒரு காலன் 4 டாலரைத் தாண்டியது. பெரிய வண்டிகள் விற்கவில்லை. சிறிய கார், குறைந்த பெட்ரோல் என்று கம்பெனிகள் தேட ஆரம்பித்தன.

அதற்குள் கெக்ரெஸின் யோசனைக்கு உயிர் வந்துவிட்டிருந்தது. 1980களில் போர்ஷே, ஆடி ஆகியவை பந்தயக் கார்களில் இரண்டு கிளட்சைச் சோதித்தன. 2003இல் ஃபோக்ஸ்வாகன் அதைச் சாதாரணமாகக் கடையில் விற்கும் காரில் வைத்தது. அந்தக் கிளட்சுகள் எண்ணெயில் முழுகியிருந்தவை. எண்ணெய் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு, எண்ணெயும் வேண்டாம், அதைச் சுற்றவைக்கும் பம்பும் வேண்டாம், உலர்ந்த கிளட்சே போதும், எடை குறையும், பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒரு படி மேலே போனார்கள். சிறிய கார்களுக்கு உலர்ந்த இரட்டைக் கிளட்ச் வந்தது இப்படித்தான். ஃபோக்ஸ்வாகன் செய்த உலர்ந்த வகையும் தொல்லையில்லாமல் போகவில்லை. 2013இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

நான் சொல்ல வந்தது ஃபோர்டு கதை. 2010இல் அமெரிக்காவில் ஃபியெஸ்டாவிலும், 2011இல் ஃபோகஸிலும் ஆறு கியர் கொண்ட உலர்ந்த இரட்டைக் கிளட்ச் பெட்டியைக் கொடுத்தார்கள். பெயர் பவர்ஷிஃப்ட். விலை அடக்கமான சிறிய கார்கள். மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஓய்வூதியம் வாங்குபவர்கள் வாங்கும் கார்கள். காரை நடத்திப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

மெதுவாகப் போகும்போது வண்டி உதறும். குளிரில் நடுங்குகிற ஆளைப் போல ஓர் உதறல். சிக்னலில் பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பின் சட்டென்று பாயும். மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருளும். சில வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய்விடும். பெரிய நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்துகொண்டிருக்க, காரில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, சக்கரத்துக்கு ஒன்றும் போகவில்லை என்றால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

காரணம் ஒன்றல்ல, பல. ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் பிறகு 2021இல் பாகம் பாகமாக ஆராய்ந்து சொன்னது. சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் கசிந்தது. உலர்ந்திருக்க வேண்டிய கிளட்சில் எண்ணெய் பட்டால் அது ஒருசமயம் பிடிக்கும், ஒருசமயம் வழுக்கும். உதறல் அதிலிருந்து. கிளட்ச் தட்டில் ஒட்டியிருந்த உராய்வுப் பொருளும் சரியில்லை. கியர் மாற்றும் வேலையைச் செய்யும் மின்னணுப் பெட்டிக்குள் பற்றவைப்பு விரிசல் விட்டது. இழுவை திடீரென்று போனது அதனால். இவற்றைத் தனித்தனிப் பாகக் கோளாறு என்று மாற்றிக்கொண்டே போகலாம். ஆனால் அமைப்பிலேயே சூடு வெளியேற வழி போதாது, அதிர்வை அடக்கும் ஏற்பாடும் போதாது என்றும் நீதிமன்றம் கண்டது. கிளட்ச், பெடல் இல்லாமல் போனாலும் கிளட்ச்தான். நெரிசலில் ஊர்ந்தால் அது பாதிக் கிளட்சில்தான் நிற்கிறது. மிதிப்பது நம் காலாக இல்லாமல் ஒரு மோட்டாராக இருந்தால் உரசல் இல்லாமல் போகுமா? டார்க் கன்வர்ட்டருக்குப் பழகிய ஊரில், ஊர்ந்து ஊர்ந்து போகும் சாலையில், அவ்வளவு பேர் கையில் இதைக் கொடுத்தார்கள். நேரு வீதி வாடை அவர்களுக்கும் தெரிய வந்தது.

சொந்தக்காரர்கள் பட்ட பாடு இனிதான். வண்டி உதறுகிறது என்று ஷோரூம் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். "சாஃப்ட்வேர் புதுசா ஏத்தியிருக்கோம், சரியாயிடும்" என்று அனுப்புவார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி உதறும். கிளட்சை மாற்றுவார்கள். மறுபடி உதறும். பட்டறையில் நிற்கும்போது உதறாது. பல்வலிக்காரன் டாக்டர் வாசலில் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுவது போல! "இந்த வகை வண்டி இப்படித்தான் இருக்கும், இது இயல்பு" என்பார்கள். அல்லது, "நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்பார்கள்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் என் கண் நின்றது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் நலனைப் பார்த்துக்கொள்ளும் அரசு ஆணையம் 2017இல் ஃபோர்டு ஆஸ்திரேலியா மேல் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பவர்ஷிஃப்ட் பொருத்திய ஃபியெஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் கார்கள் அந்த நாட்டில் சுமார் 70,000 விற்றிருந்தன. அவற்றில் ஏறக்குறைய பாதி, அந்தக் கியர்பெட்டிக்காக ஒரு முறையாவது ரிப்பேருக்குப் போயிருந்தன. 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை வந்த புகார்களை எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் வழக்கு. உதறலுக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு என்று கம்பெனிக்குத் தெரியும். தெரிந்தும், ஓட்டுபவர் ஓட்டும் விதத்தால்தான் உதறுகிறது என்று வாடிக்கையாளர்களிடம் பல முறை சொல்லியிருக்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கொடுத்ததோ, செலவில்லாமல் வேறு கார் கொடுத்ததோ அபூர்வம். மாற்றுக் கார் வேண்டுமா, கையிலிருந்து இவ்வளவு போடு என்றார்கள். திரும்ப வாங்கிய பழைய கார்களை, அவற்றில் என்ன கோளாறு இருந்தது என்று சொல்லாமலே அடுத்தவர்களுக்கு விற்றார்கள். இது மனச்சாட்சிக்கு ஒவ்வாத நடத்தை என்று 2018 ஏப்ரலில் நீதிமன்றம் அறிவித்தது. கம்பெனியும் ஒப்புக்கொண்டே வந்த தீர்ப்பு. அபராதம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1980களில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு நலத்திட்டத்தில் ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். ஒரு தவணையில் வந்த மிஷின்களைப் பற்றி மனுக்கள் வர ஆரம்பித்தன. நூல் அறுகிறது, ஊசி முறிகிறது, சக்கரம் இறுகி நிற்கிறது. மிஷின் கொடுத்த காண்டிராக்டரின் ஆள் போய்ப் பார்ப்பான். பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதித் தருவான். அதில் உள்ளதை நான் பதிவேட்டில் ரிமார்க்ஸ் கட்டத்தில் ஏற்ற வேண்டும். "பயனாளி முறையாகக் கையாளவில்லை." ஒரு மனுவுக்கு எழுதினேன். அடுத்ததற்கும் எழுதினேன். பிறகு சீட்டைப் படிக்காமலே மேலே உள்ள வரிக்குக் கீழே "ஷை" போட்டுக்கொண்டு போனேன். எங்கள் காலத்துக் குமாஸ்தாக்களுக்குத் தெரியும், "மேற்படி" என்பதற்குப் போடும் அந்த ஒரு சுழியில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று.

ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். முத்தியால்பேட்டையிலிருந்து. "ஐயா, நான் முப்பது வருஷமா தைக்கிறேன். வாடகை மிஷின்ல தைச்சேன், ஓட்ட மிஷின்ல தைச்சேன். எனக்கா தைக்கத் தெரியாது?" என்றார். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. பதில் வேண்டும் என்று நின்றார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் "ஷை". அதற்கு மேலே ஒரு "ஷை", அதற்கு மேலேயும். பக்கம் முழுக்க.

பதினேழு மனு. ஒரே தவணை மிஷின். பதினேழு பேருமா கையாளத் தெரியாதவர்கள்? அவற்றைச் சேர்த்து எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். சூப்பரின்டென்டென்டிடம் சொன்னேன். "காண்டிராக்டர் பில் போன மாசமே பாஸாயிடுச்சு, ஃபைலைக் கட்டு" என்றார். கட்டினேன். அந்த அம்மாள் மிஷினைத் திரும்ப ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். ரிக்‌ஷாக்காரன் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் அவரே தூக்கினார். நான் எழுந்து போய்த் தூக்கிவிட்டிருக்கலாம்.

அதனால்தான் "ஓட்டும் விதம்" என்ற அந்தச் சொல் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எந்த ஊராக இருந்தாலும், பொருளில் இருக்கிற கோளாறை வாங்கியவர் மேல் ஏற்ற ஒரு கட்டம் பதிவேட்டில் தயாராக இருக்கிறது. முப்பது, நாற்பது வருஷமாகக் கார் ஓட்டியவரிடம் போய், உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால், அவர் முதலில் கோபப்படுவதில்லை. தன்னையே சந்தேகப்படுகிறார். வயதாகிவிட்டதோ, கால் சரியாக மிதிக்கவில்லையோ என்று. நம் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். 2012லேயே கலிபோர்னியாவில் சொந்தக்காரர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தார்கள். ஃபியெஸ்டா 2011 முதல் 2016 வரை, ஃபோகஸ் 2012 முதல் 2016 வரை. வாங்கியவர்கள், விற்றுவிட்டவர்கள் எல்லோரையும் சேர்த்தால் சுமார் 19 லட்சம் பேர். 2014இல் கம்பெனி, கிளட்சுக்கும் அந்த மின்னணுப் பெட்டிக்கும் உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது. 2017இல் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி கிடைத்தது. இது போதாது என்று சிலர் மேல்முறையீடு செய்ய, 2019இல் வழக்கு திரும்பக் கீழே வந்தது. 2020இல் மறுபடி அனுமதி. பாகம் மாற்றுவதற்காக மூன்று முறையோ அதற்கு மேலோ பட்டறைக்குப் போனவருக்கு ரொக்கம், இன்னும் மோசமான வண்டிகளுக்கு நடுவர் முன்னால் போய்க் காரையே திருப்பிக் கொடுக்கும் வழி. எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு காருக்கு எட்டு வருஷம் என்பது பாதி ஆயுளுக்கு மேல். கோப்பு எட்டு வருஷம் ஓடுவது எனக்கு ஆச்சரியமில்லை, ஆனால் உதறும் காரை வைத்துக்கொண்டு ஓடுவது வேறு. நடுவில், 2019 ஜூலையில், டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் பத்திரிகை கம்பெனியின் உள் ஆவணங்களை எடுத்து, விற்பனைக்கு முன்பே இந்தப் பெட்டியைப் பற்றிய கவலை உள்ளே இருந்தது என்று எழுதியது. ஃபோர்டின் சொந்த ஊர்ப் பத்திரிகை அது.

ஆஸ்திரேலியாவிலும் ஆணையத்தின் வழக்கோடு முடியவில்லை. சொந்தக்காரர்களின் கூட்டு வழக்கில்தான் மேலே சொன்ன 2021 தீர்ப்பு வந்தது. கெட்டுப்போன பொருளின் மதிப்புக் குறைவை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி, அந்த நாட்டின் உச்ச மன்றம் வரைக்கும் போய், 2024 நவம்பரில்தான் விடை கிடைத்தது. முதல் கார் உதறிப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் கழித்து!

ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் இப்படி ஓயாமல் கெடும் புதுக் காரை எலுமிச்சம்பழம் என்பார்கள். அப்படிப்பட்ட காரை வாங்கியவரைக் காப்பாற்றும் சட்டத்துக்கு எலுமிச்சம்பழச் சட்டம் என்றே பெயர். நாமோ புதுக் கார் வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் ஷோரூமிலிருந்து எடுக்கிறோம். நமக்கு அது காப்பு. அவர்களுக்கு அதுவே கோளாறின் பெயர். என் பேத்தியிடம் இதைச் சொன்னேன், அவள் நம்பவில்லை.

இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரத்தில் இருப்பதும் இல்லை. இங்கிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும்போது, செங்கல்பட்டைத் தாண்டி மறைமலை நகரில் அந்தப் பெரிய ஃபோர்டு ஆலையைப் பார்த்திருப்பீர்கள். எக்கோஸ்போர்ட் கார் அங்கேதான் செய்யப்பட்டது. 2013இல் இங்கே விற்பனைக்கு வந்தபோது பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இதே இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஆஸ்திரேலியாவில் விற்ற எக்கோஸ்போர்ட்டும் மறைமலை நகரிலிருந்து கப்பலில் போனதுதான். அந்த நீதிமன்றத் தீர்ப்பில் வரும் மூன்று கார்களில் ஒன்று, நம் பையன்கள் ஷிஃப்டு மாற்றி மாற்றிப் பூட்டி அனுப்பிய கார். அவர்கள் மேல் குற்றமில்லை. வரைபடத்தில் இருந்ததைத்தான் பூட்டினார்கள். 2017 கடைசியில் காரைப் புதுப்பித்தபோது இரட்டைக் கிளட்சை எடுத்துவிட்டு, பழைய டார்க் கன்வர்ட்டருக்கே திரும்பினார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் மறைமலை நகர் ஆலையில் கார் செய்வதை நிறுத்தினார்கள். மூடியதற்குக் காரணம் நஷ்டம், இந்தக் கியர்பெட்டி இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு, அது சரியல்ல.

கெக்ரெஸ் மேலும் எனக்கு வருத்தமில்லை. எண்ணெயில் முழுகிய இரட்டைக் கிளட்சுப் பெட்டிகள் உலகமெங்கும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. உலர்ந்ததிலும் நன்றாக ஓடுபவை உண்டு.

இனி அண்ணனுக்கு. இன்று நம் ஊரில் "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் நான்கு விதம் விற்கிறார்கள். சாதாரண கியரையும் கிளட்சையும் ஒரு மோட்டார் இயக்குவது ஒன்று. விலை குறைவு, கியர் மாறும்போது தலையாட்டும். பெல்ட்டில் ஓடுவது ஒன்று. டார்க் கன்வர்ட்டர் ஒன்று. இரட்டைக் கிளட்ச் ஒன்று. எந்த விதம் என்று கேளுங்கள். இரட்டைக் கிளட்ச் என்றால், எண்ணெயில் முழுகியதா, உலர்ந்ததா என்று அடுத்ததாகக் கேளுங்கள். கியர்பெட்டிக்கு உத்தரவாதம் எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் என்று புத்தகத்தில் பாருங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஏதாவது கோளாறு என்று வண்டியை விடும்போது, ஜாப் கார்டில் நீங்கள் சொன்னது நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள். ஃபைல் போடுவதற்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை எழுதி முடிக்கும் முன்பே அண்ணன் போன் செய்தார். மகனோடு ஷோரூமுக்குப் போயிருக்கிறார். "உள்ளே என்ன வகை கியர்ப்பான்னு கேட்டேன். அந்தப் பையன், எல்லாம் ஒண்ணுதான் அங்கிள், சும்மா மிதிச்சா போவும்னான்" என்றார்.

"அப்புறம்?"

"உள்ள போய் மேனேஜரைக் கேட்டுட்டு வான்னு அனுப்பிட்டேன். முக்கால் மணி நேரமா உக்காந்திருக்கேன். காப்பி ரெண்டு தடவை குடுத்துட்டாங்க. பதில் இன்னும் வரல."